தோலோடு நொதிக்கும் ஆரஞ்சு வைனில் வினிகர் வாடை ஏன்?

கேள்வி: ஜார்ஜியா நாட்டின் ககேத்தி வட்டாரத்து ஆரஞ்சு வைன் முறை. ர்காட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சை, தோல், விதை, காம்பு எல்லாமே சாற்றோடு நொதிக்கும். க்வெவ்ரி (மண்ணில் புதைக்கும் பெரிய களிமண் ஜாடி) இல்லாமல் 200 லிட்டர் தொட்டியில் செய்தால் வினிகர் வாடை அடிக்கிறது. எங்கே தப்பு?

பதில் 1: மேலே மிதக்கும் தோல்தான் காரணம். கரியமில வாயு அதை மேலே தள்ளும். காய்ந்தால் வினிகர் உண்டாக்கும் அசெட்டிக் பாக்டீரியா குடியேறிவிடும். தினம் 3, 4 தடவை, ராத்திரியும் ஒருமுறை, அமுக்கி நனையவிடுங்க. நொதித்தல் அடங்கி தோல் தானாகக் கீழே இறங்கியதும் விளிம்புவரை நிரப்பி மூடணும். முக்கால் தொட்டியாக விட்டால் போச்சு.

பதில் 2: மேலே சொன்னது சரி. மண்ணில் புதைத்த க்வெவ்ரியில் சூடு ஏறி இறங்காது, வெளியே வைத்த தொட்டியில் ஏறும். அதனால் குளிர்ந்த அறை வேணும். காம்பு பழுப்பாக முற்றியிருந்தால் மட்டும் சேருங்க, பச்சைக் காம்பு நாக்கைப் பிடிக்கும். சந்தேகம்னா மேற்கு ஜார்ஜியாவின் இமெரேத்திக்காரர்கள் மாதிரி காம்பை விட்டுட்டு, தோலையும் கொஞ்சமாகப் போடுங்க.

பதில் 3: எலி வாடைன்னு வைனில் வரும் இன்னொரு கெடுதலையும் பாருங்க. முகர்ந்தால் தெரியாது, விழுங்கினபிறகுதான் வரும். கால் கிளாஸ் வைனில் சிட்டிகை சமையல் சோடா போட்டு முகர்ந்தால் உடனே மாட்டிக்கும். கெடாமல் காக்கும் சல்ஃபைட்டே வேண்டாம்னு பிடிவாதமாக இருந்தால், பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, ஏறினால் புளிப்பு குறைவு) 3.6ஐத் தாண்டவிடாதீங்க.