எம்எல்ஏ தொகுதிக்கு என்ன செய்தார் என்று எதை வைத்துச் சொல்வது?

கலா_கோவை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோவை மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் இருக்கிறோம். என் பெண் ஊரிலேயே அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். பள்ளிக்கு மூன்று பக்கம்தான் சுற்றுச்சுவர் இருக்கிறது. நாலாவது பக்கம் திறந்தே கிடக்கிறது. ராத்திரி அந்த வழியாக வந்து குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். காலையில் ஆயாம்மா கண்ணாடி பொறுக்கிய பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட முடிகிறது.

ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததிலிருந்து அரசு நியமித்த தனி அலுவலர்தான் ஊராட்சியைப் பார்க்கிறார். அதனால் எம்எல்ஏவிடம் மனு கொடுத்தோம். "பார்க்கலாம்மா" என்றார், மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய முகநூலில் தினமும் ஒரு பூமி பூஜை, ஒரு கல்யாணம், ஒரு துக்க வீடு என்று படம் வருகிறது. மனிதர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தொகுதிக்கு நிஜமாக என்னென்ன நடந்தது, எவ்வளவு பணம் எங்கே போனது என்பதை என்னைப் போல ஒருத்தி எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் சுவர் அந்தப் பட்டியலில் வர நாங்கள் என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஓவர்சியர்:

கலாம்மா, நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எம்எல்ஏ நிதி வேலைகளுக்கு இடம் பார்த்து, எஸ்டிமேட் போட்டு, எம்-புக் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) எழுதியே என் சர்வீஸில் பாதி போனது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் பணத்தைப் பற்றி. தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். முழுக்க மாநில அரசின் பணம். ஒரு பைசாகூட எம்எல்ஏ கைக்கு வராது. இந்த ஊரில் இந்த வேலை என்று அவர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். அது மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குப் போகும். எங்களிடம் எஸ்டிமேட் கேட்பார்கள். கலெக்டர் நிர்வாக அனுமதி ஆணை போடுவார். அப்புறம் டெண்டர், வேலை, அளவீடு, பில். ஊராட்சிப் பகுதியில் இது பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் வழியாகவும், நகரத்தில் நகராட்சி, பேரூராட்சி வழியாகவும் நடக்கும்.

3 கோடி பெரிய தொகையாகத் தெரியும். நம்ம பக்கம் கிராமங்கள் அதிகமுள்ள தொகுதி என்றால் ஐம்பது, அறுபது ஊராட்சி சாதாரணமாக வரும். சமமாகப் பிரித்தால் ஊருக்கு 5 லட்சம் தேறும். ஒரு ரேஷன் கடைக் கட்டடத்துக்கே அது பற்றாது. ஆகவே பெரும்பாலான ஊர்களுக்கு ஒரு வருஷம் ஒன்றும் வராமல் போவது இயல்பு. எந்த ஊருக்கு எந்த வருஷம், எந்த வேலை என்று அவர் எப்படி முடிவு செய்கிறார் என்பதில்தான் ஒரு எம்எல்ஏவின் நேர்மையும் கவனமும் தெரியும். அதைப் பார்க்கத்தான் பட்டியல் வேண்டும்.

பட்டியல் ரகசியம் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தொகுதிப் பெயர், நிதியாண்டு போட்டு, எம்எல்ஏ பரிந்துரைத்த வேலைகள், நிர்வாக அனுமதி ஆணை எண், மதிப்பீடு, செலவான தொகை, முடிந்த தேதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் ஆவணத்தில் இருப்பதைத்தான் கேட்க முடியும், காரணம் கேட்டால் அதைச் சொல்லியே திருப்பிவிடுவார்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வேலையையும் ஆவணத்தையும் நேரில் பார்வையிடவும் சட்டம் இடம் கொடுக்கிறது, பலருக்கு அது தெரியாது.

பட்டியல் வந்ததும் இரண்டு, மூன்று இடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். திறப்பு விழா அன்று எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். நான் கவனித்தவரை, எம்எல்ஏ நிதியில் அதிகம் வீணாவது குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரமும் உயர்கோபுர விளக்கும். இயந்திரத்தை வைப்பதற்குப் பணம் உண்டு. ஃபில்டர் மாற்ற, கரண்ட் பில் கட்ட அந்த நிதியில் வழியில்லை, ஊராட்சி தலையில் விழும். வருமானம் இல்லாத ஊராட்சி ஒரு கோடையோடு பூட்டிவிடும். நல்ல எம்எல்ஏ என்றால் பரிந்துரைக்கும் முன்பே "இதை யார் பார்த்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டுவிடுவார். அப்படிக் கேட்டவர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த அங்கன்வாடியும் வகுப்பறையும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

இனி உங்கள் சுவர். நாலாவது பக்கம் மட்டும் ஏன் விட்டார்கள் என்று யாராவது விசாரித்தீர்களா? மூன்று பக்கம் கட்டினவர்கள் நாலாவதை மறந்திருக்க மாட்டார்கள். பத்துக்கு எட்டு இடத்தில் அது எல்லைத் தகராறாக இருக்கும்.

எங்கள் ஒன்றியத்தில் இதே மாதிரி ஒரு பள்ளி. அனுமதி வந்து, டெண்டரும் முடிந்து, கடைக்கால் தோண்டப் போனால் பக்கத்துத் தோட்டக்காரர் தடுத்துவிட்டார். பள்ளி இடத்துக்கும் அவர் பூமிக்கும் நடுவில் ஒரு ஓடைப் புறம்போக்கு, அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அளவுக்கல் மண்ணுக்குள் போய்விட்டது. பணம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும் என்ற நிலை. அப்போது இருந்த எம்எல்ஏ தாலுகா ஆபீஸில் பேசி சர்வேயருக்குத் தேதி வாங்கினார். அன்றைக்குக் காலையில் அவரும் வந்தார். கட்சிக்காரர்கள் கூட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிரைவரோடு மட்டும் வந்தார். சர்வேயர் நிலத்தின் எல்லை அளவுகள் உள்ள புலப்படத்தை விரித்துச் சங்கிலி பிடித்தார். தோட்டக்காரர், ஹெட்மிஸ்ட்ரஸ், நான், எல்லோரும் வேப்பமரத்தடியில். கல் கிடைத்த இடம் பள்ளிக்கு இரண்டடி சாதகம், தோட்டக்காரரின் வேலி உள்ளே வந்திருந்தது. எம்எல்ஏ அவரைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கவுண்டரே, வேலியில இருக்கிற முருங்கை காய்க்கட்டும், பறிச்சுக்கிட்டு நீங்களே எடுத்துடுங்க, அதுவரைக்கும் அந்த மூலையை விட்டுட்டு கட்டச் சொல்றேன்" என்றார். சொன்னபடி அந்த மூலை கடைசியில்தான் கட்டப்பட்டது. அன்றைக்கு யாரும் படம் எடுக்கவில்லை, எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. தொகுதிக்குள் இறங்கி வேலை செய்வது என்றால் எனக்கு அந்தக் காலை நேரம்தான் நினைவுக்கு வரும்.

அதனால் மனுவை இப்படிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். கிராம சபையிலும் அதே தீர்மானம் வரட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை உண்டு. தனி அலுவலர் இருந்தாலும் நடத்தியாக வேண்டும். பள்ளி இடத்தின் சர்வே எண், புலப்பட நகல், சுவரின் நீளம் மீட்டரில், நாலு போட்டோ, ஹெட்மாஸ்டர் கையெழுத்து. இவ்வளவும் இருந்தால் அந்த மனு மேஜையில் தூங்காது. வெறும் "சுற்றுச்சுவர் வேண்டும்" என்ற மனு எம்எல்ஏ ஆபீஸில் கட்டுக்கட்டாக இருக்கும். அவரும் பாவம், எதை எடுப்பார்?

தேனிக்காரன்:

ஓவர்சியர் ஐயா சொன்னது நல்ல தகவல். ஆனாலும் ஒரு கேள்வி. சுவர் கட்டுவதும் விளக்குப் போடுவதும் எம்எல்ஏ வேலையா? அவரைத் தேர்ந்தெடுப்பது சட்டம் இயற்ற, அரசைக் கேள்வி கேட்க. உள்ளூர் வேலைக்கு உள்ளாட்சி இருக்கிறது. எம்எல்ஏவை மேஸ்திரியாகப் பார்த்தே நாம் பழகிவிட்டோம். என்னைக் கேட்டால் கலா அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார் என்பதை. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. பேரவை நடவடிக்கைக் குறிப்புகளும் கிடைக்கின்றன. துணைக் கேள்வி கேட்டாரா, அவசரப் பிரச்சினையை அமைச்சர் கவனத்துக்குக் கொண்டுபோகிற கவன ஈர்ப்பு கொண்டுவந்தாரா, துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதி பற்றிப் பேசினாரா, எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் தெரியும்.

மாசிவீதி மதுரை:

எங்கள் ஊரிலிருந்து ஒரு உதாரணம். மதுரை மத்திய தொகுதியில் 2016-இல் ஜெயித்த பி.டி.ஆர். பழனிவேல் தியாகராஜன், தொகுதியில் செய்த பணிகளை ஆண்டறிக்கையாகவே போட்டுக் கொடுத்தார். அவர் கட்சி பிடிக்கும், பிடிக்காது என்பது வேறு விஷயம். இந்தப் பழக்கத்தை எல்லாக் கட்சி எம்எல்ஏக்களிடமும் நாம் கேட்க வேண்டும். கையில் அறிக்கை இருந்தால்தான் சரியா, தப்பா என்று பேசவே முடியும்.

அவிநாசி ரோடு:

தேனிக்காரரே, சட்டமன்றத்தில் பேசுவது முக்கியம்தான், ஆனால் பேசியதும் நடந்துவிடாது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைப் பாருங்கள். 1957-இல் அவிநாசியிலிருந்து ஜெயித்த மாரப்ப கவுண்டர் காலத்துக் கோரிக்கை. அதற்கப்புறம் பல தேர்தல்களில் இது வாக்குறுதி. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 2019 பிப்ரவரியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-இல் தொடக்கம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரிநீர் 1.5 டிஎம்சியை பம்ப் செய்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிற திட்டம். செலவு 1,916 கோடி. எம்எல்ஏ நிதியில் அறுநூறு வருஷம் சேர்த்தாலும் இது வராது.

என் அப்பா காலத்தில் எங்கள் குளத்தில் சீமைக்கருவேல முள் மட்டும்தான். பைப்பில் தண்ணீர் விழுந்ததும் ஊரே கரையில் நின்று பார்த்தது. இதற்கு எந்த எம்எல்ஏவுக்கு மாலை போடுவது? கேட்டவர், மறுபடி கேட்டவர், உண்ணாவிரதப் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தவர், அடிக்கல் நாட்டியவர், முடித்தவர் என்று எல்லோருக்கும் பங்குண்டு. ஐந்து வருஷக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த மாதிரி வேலை எதுவும் கணக்கில் வராது.

பழைய ஓவர்சியர்:

அவிநாசிக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. தேனித் தம்பி சொல்வதும் சட்டப்படி சரி. ஆனால் தம்பி, எங்கள் ஊராட்சிகளில் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர் இருக்கும்போது, கண்ணாடிச் சில்லு பொறுக்குகிற ஆயாம்மா யாரிடம் போவார்? ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் என்று பக்கத்தில் இருப்பது எம்எல்ஏ ஒருவர்தான்.

இன்னொன்று விட்டுவிட்டேன். 2022 ஆகஸ்டில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 எம்எல்ஏக்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் வெகுநாளாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி கலெக்டரிடம் கொடுங்கள் என்று. 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டம் அது. உங்கள் தொகுதிக்குக் கொடுக்கப்பட்ட பத்து எவை, எத்தனை முடிந்தன என்று கலெக்டர் ஆபீஸில் கேட்கலாம். ஒரு எம்எல்ஏ எதைப் பெரிதாக நினைத்தார் என்பதை அந்த ஒரு பக்கக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.

கலா_கோவை:

எல்லோருக்கும் நன்றி. ஓவர்சியர் ஐயா, நீங்கள் கேட்டதை இன்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். நாலாவது பக்கம் வண்டிப்பாதை போகிறதாம், பாதை யாருடையது என்று பழைய பிரச்சினையாம். அதனால்தான் நிறுத்தினார்களாம். அப்படியானால் நாங்கள் முதலில் யாரிடம் போக வேண்டும்?

பழைய ஓவர்சியர்:

வண்டிப்பாதை என்றால் முதலில் விஏஓவிடம் போங்கள். அந்த சர்வே எண்ணுக்கு, நிலத்தின் விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் தகராறே இல்லை, பள்ளி எல்லையில் கட்டலாம். யாருக்காவது பட்டா இருந்தால் அவரோடு பேசி எழுதி வாங்க வேண்டும். பிறகு எல்லை அளக்க ஹெட்மாஸ்டர் பெயரில் தாலுகா ஆபீஸில் மனு. சர்வேயர் வருகிற தேதி தெரிந்ததும் எம்எல்ஏ ஆபீஸுக்கும் சொல்லுங்கள். அவரே வந்தால் நல்லது. வராவிட்டாலும் அவருடைய பிஏ வந்து நிற்கட்டும். பாதையில் வண்டி ஓட்டுகிற தோட்டக்காரர்களை முந்தின நாளே வீட்டில் போய்ப் பார்த்து, பாதையை அடைக்கப் போவதில்லை, பள்ளிக்குச் சுவர் மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள். அளந்து முடித்ததும் சர்வேயரிடம் ஸ்கெட்ச் வாங்கி இங்கே விவரம் போடுங்கள், எத்தனை மீட்டர் என்று தெரிந்தால் எஸ்டிமேட் சுமார் எவ்வளவு வரும் என்று நான் சொல்கிறேன்.