கொத்தோடு விற்கும் தக்காளி: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கொஞ்ச காலமாக உதிரித் தக்காளியை விட்டுவிட்டு, கூடுதல் விலை கொடுத்துக் கொத்தோடு இருப்பதைத்தான் வாங்குகிறேன். கையில் எடுத்தாலே தோட்டத்து வாசனை. ஆனால் வெட்டிச் சாப்பிட்டால் ஒரு கொத்து அருமையாக இருக்கிறது, அடுத்தது வெறும் தண்ணீர். உங்கள் அனுபவம் எப்படி?

*

வீட்டில் தக்காளி வளர்க்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். அந்த வாசனை பழத்துடையது இல்லை, காம்புடையது. காம்பிலும் இலையிலும் இருக்கும் பொடி மயிர்களில் ஒரு பிசின் உண்டு. செடியில் பக்கக் கிளை கிள்ளினால் விரலெல்லாம் கறையாகி, சோப்புப் போட்டால் நுரையே மஞ்சளாகப் போகும், அதே மணம்தான். காம்பை எடுத்துவிட்டுப் பழத்தை மட்டும் முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம், கொத்தில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. தண்டை ஒட்டியது முதலில், நுனியில் இருப்பது கடைசியில். முழுக் கொத்தையும் ஒரே வெட்டாக வெட்டுவதால் நுனிக்காய் நிறம் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மேலே உள்ளவை செடியிலேயே நன்றாகப் பழுத்திருக்கும். கொத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான். ஆனால் அவசரப்பட்டு எல்லாமே செங்காயாக இருக்கும்போது வெட்டிவிட்டால், பிறகு எத்திலீனால், அதாவது காயைப் பழுக்கவைக்கும் வாயுவால், நிறம் ஏறும், மெத்தென்று ஆகும், இனிப்பு மட்டும் பெரிதாக ஏறாது. சர்க்கரை இலையிலிருந்து வருவது. வெட்டிய காம்பு எதையும் ஊட்டாது. உங்களுக்குத் தண்ணீராக இருந்த கொத்து அப்படி வெட்டியதாக இருக்கலாம், இல்லை ரகமே அப்படி இருக்கலாம். சுவையில் பாதிக்குமேல் ரகம்தான் என்பது என் கருத்து.

*

மேலே சொன்னது சரி, ஆனால் காம்பால் எனக்கு வேறு இரண்டு உபயோகம் உண்டு. ஒன்று, பழத்தின் வயது தெரியும்: காம்பும் பழத்தின் தலையில் இருக்கும் பச்சை இதழ்களும் விறைப்பாக இருந்தால் சமீபத்தில் வெட்டியது, சுருங்கிக் காய்ந்திருந்தால் நான் தொடமாட்டேன். இன்னொன்று, தக்காளியின் ஈரம் பெரும்பாலும் காம்புக் குழி வழியாகத்தான் போகிறது, பூஞ்சையும் அங்கேதான் நுழையும், அதனால் காம்போடு இருப்பது சீக்கிரம் வாடாது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் மணம் மங்கிவிடும். உடைந்த காம்பு முனை பக்கத்துப் பழத்தைக் குத்தியிருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள், அங்கிருந்துதான் அழுகத் தொடங்கும்.

வேகவைக்கப் போகிற தக்காளிக்கு இந்த விலை தண்டம், காம்பையும் சேர்த்துத்தானே எடை போடுகிறார்கள். ஆனால் செர்ரித் தக்காளிக் கொத்து என்றால் யோசிக்காமல் எடுத்துவிடுவேன், பொடிப் பழங்களில் பொதுவாகவே இனிப்பு அதிகம்.