டூயல் பூட்: டி டிரைவில் எழுத முடியலை, கடிகாரம் தப்பு, ஹெட்செட் ஒவ்வொரு முறையும் பேரிங் கேட்குது

அரைவட்டம்

ஒரே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் 22 ரெண்டும் இருக்கு. சி-யில் விண்டோஸ். டி-யில் என் கோப்புகள், அது என்டிஎஃப்எஸ் (விண்டோஸோட கோப்பு முறை). மிச்ச இடத்தில் மின்ட். மூணு தொல்லை.

ஒண்ணு: மின்ட்டில் டி டிரைவ் திறக்குது, படிக்க முடியுது. ஆனா ஒரு கோப்பைச் சேமிக்கப் போனா "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்"னு சொல்லி மறுக்குது. சில நாள் ஒழுங்கா எழுதுது, சில நாள் இல்லை. எப்போ எப்படின்னு பிடிபடலை.

ரெண்டு: மின்ட்டில் நேரம் சரியா இருக்கு. அப்புறம் விண்டோஸ் போனா பல மணி நேரம் பின்னாடி காட்டுது. அங்கே திருத்திட்டு மின்ட் வந்தா இங்கே கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஓடுது.

மூணு: ப்ளூடூத் ஹெட்செட். விண்டோஸில் இணைச்சா மின்ட்டில் இணையாது. மின்ட்டில் பழசை நீக்கிட்டு மறுபடி பேரிங் பண்ணினா விண்டோஸில் போயிடுது.

டிரைவரைத் திரும்ப நிறுவணுமா? இல்ல மின்ட்டையே மறுபடி போடணுமா?

ஒற்றைத்தந்தி

முதல் பிரச்சினைக்கு டி டிரைவ் மேல சூடோ சிஎச்மாட் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தர்ற கட்டளை) போட்டுப் பாருங்க. பெர்மிஷன் சிக்கலாத்தான் இருக்கும்.

முனையவாசி

777 வேண்டாம். இங்கே அது வேலை செய்யவும் செய்யாது. அனுமதி இல்லாவிட்டால் வரும் பிழை "பெர்மிஷன் டினைட்". இவருக்கு வருவது "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்". இரண்டும் வேறு. முன்னது கதவு பூட்டியிருக்கிறது, சாவி உங்களிடம் இல்லை என்பது. பின்னது சாவி இருந்தாலும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) யாரையும் எழுத விடாது என்பது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கும் அதே கதிதான். அது போக, வழக்கமான அமைப்பில் மவுண்ட் செய்த (அதாவது பயன்படுத்தத் திறந்து இணைத்த) என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் சிஎச்மாட் எதையும் மாற்றாது. அங்கே அனுமதிகளைத் தீர்மானிப்பது மவுண்ட் ஆப்ஷன்கள்தான்.

அரைவட்டம், மின்ட்டை மறுபடி நிறுவ வேண்டாம். மூன்றுக்கும் வேர் ஒன்றே: இரண்டு இயங்குதளங்கள் ஒரே வன்பொருளைப் பகிர்கின்றன, ஆனால் ஒன்று விட்டுப்போன நிலை மற்றொன்றுக்குத் தெரியாது. முதலில் டி டிரைவைப் பார்ப்போம். தரவு போகக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

விண்டோஸ் 8-இல் (2012) ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று வந்தது. ஷட்டவுன் அழுத்தினால் உங்கள் நிரல்களை மூடும். ஆனால் விண்டோஸ் கர்னலை முழுதாக அணைக்காமல், அதன் நினைவகத்தை அப்படியே சி டிரைவில் ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப்போகும். அடுத்த முறை அதைத் திரும்ப ஏற்றினால் போதும் என்பதால் சீக்கிரம் எழுகிறது. விண்டோஸின் கணக்கில் சி, டி இரண்டும் இன்னும் மவுண்ட் ஆகித்தான் இருக்கின்றன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரத்தில் ஒரு பகுதி டிஸ்க்கில் இல்லாமல் அந்த நினைவகப் படத்தில் இருக்கலாம்.

இந்த நிலையில் லினக்ஸ் டி-யில் எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய விவரத்தை அதன்மேல் எழுதும். கோப்பு காணாமல் போவதும், ஃபோல்டர் சிதைவதும் இப்படித்தான். அதனால்தான் லினக்ஸின் என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் "இந்தப் பார்ட்டிஷன் பாதுகாப்பான நிலையில் இல்லை" என்று பார்த்துவிட்டுப் படிக்க மட்டும் திறக்கிறது. கர்னலோடு 5.15 முதல் வரும் என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இன்னும் கறார்: பார்ட்டிஷனில் டர்ட்டி குறி (ஒழுங்காக மூடப்படவில்லை என்ற அடையாளம்) இருந்தால் எழுதும்படி மவுண்டே செய்யாது. டிரைவர் உங்களைத் தடுக்கவில்லை, காப்பாற்றுகிறது.

"சில நாள் எழுதுது, சில நாள் இல்லை" என்பதற்கும் இதுவே பதில். விண்டோஸில் ரீஸ்டார்ட் கொடுத்து மின்ட்டுக்கு வந்த நாட்களில் எழுத முடிந்திருக்கும். ஷட்டவுன் கொடுத்துவிட்டு வந்த நாட்களில் முடிந்திருக்காது. ரீஸ்டார்ட் என்றால் விண்டோஸ் முழுதாக அணைந்து எழும். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், என்ன செய்வது.

செய்ய வேண்டியது, விண்டோஸுக்குள்:

1. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடி, வலது கிளிக், ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்.
2. பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் என்று தட்டி என்டர். ஹைபர்னேஷனும் அதை நம்பியிருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அணைந்துவிடும். ஹைபர்ஃபில் கோப்பும் நீங்கி, சி-யில் சில ஜிபி இடம் மிஞ்சும்.
3. அதே சன்னலில் சிஎச்கேடிஎஸ்கே டி: /எஃப். இதுவரை பட்ட அடியை இது சரிசெய்யும். டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்றால் முதலில் அதை டிஸ்மவுண்ட் செய்யட்டுமா என்று கேட்கும், அதற்கு இல்லை (என்) கொடுங்கள். பிறகு அடுத்த பூட்டில் ஓடட்டுமா என்று கேட்கும். ஒய் கொடுத்து ரீஸ்டார்ட் செய்து, ஓடி முடியும்வரை விடுங்கள்.
4. பிறகு ஒரு முழு ஷட்டவுன். மின்ட்டுக்கு வாருங்கள்.

ஹைபர்னேட் வசதி வேண்டும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் வேண்டாம் என்றால் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடப்பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பு. அங்கே "தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால்தான் மங்கலாக இருக்கும் டிக் பெட்டி உயிர்பெறும். ஆனால் அப்படி வைத்துக்கொண்டு, விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு மின்ட்டுக்கு வந்தால் பழைய கதைதான்.

கறுப்புப்பெட்டி

மின்ட்டுக்குள்ளிருந்தே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் போட்டால் உடனே எழுத முடியுமே? ரிமூவ்_ஹைபர்ஃபைல் என்ற மவுண்ட் ஆப்ஷனும் இருக்கிறது.

முனையவாசி

இரண்டும் இருக்கின்றன, இரண்டும் இந்த இடத்துக்கு உரியவை அல்ல.

என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்பது லினக்ஸின் சிஎச்கேடிஎஸ்கே அல்ல. அதன் கையேடே அப்படித்தான் சொல்கிறது. சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தி, ஜர்னலை (மாற்றங்களின் பதிவேடு) காலிசெய்து, அடுத்த விண்டோஸ் பூட்டில் சோதனை நடக்கக் குறித்துவைக்கும், அவ்வளவுதான். மின்தடையில் அணைந்து, விண்டோஸ் தூங்காத நிலையில் டர்ட்டி குறி மட்டும் மிஞ்சியிருந்தால் -டி ஆப்ஷனோடு போடலாம். விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போது போட்டால் எச்சரிக்கைப் பலகையைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்குவது போல.

ரிமூவ்_ஹைபர்ஃபைல் அந்த நினைவகப் படத்தையே அழிக்கும். அதில் இருந்தது போனது போனதுதான். அந்தக் கோப்பு இருப்பதும் சி-யில். டி-யை மவுண்ட் செய்யும்போது இந்த ஆப்ஷன் கொடுத்தால் அழிக்க அங்கே எதுவும் இல்லை. விண்டோஸ் இனி பூட்டே ஆகாது, கோப்புகளை மட்டும் மீட்க வேண்டும் என்ற நிலையில்கூட, படிக்க மட்டும் மவுண்ட் செய்து நகலெடுப்பதே மேல்.

அரைவட்டம்

பவர்சிஎஃப்ஜி போட்டேன், சிஎச்கேடிஎஸ்கே ஓடுச்சு, சில பிழைகளைத் திருத்தினதா சொல்லுச்சு. இப்போ ஷட்டவுன் பண்ணிட்டு வந்தாலும் டி-யில் எழுத முடியுது. நன்றி!

ஆனா ஒவ்வொரு தடவையும் ஃபைல் மேனேஜரில் டி மேல கிளிக் பண்ணினாத்தான் மவுண்ட் ஆகுது. தானா ஆக என்ன பண்ணணும்? கடிகாரம் அப்படியே இருக்கு. பயாஸில் போய் நேரத்தைச் சரி பண்ணிட்டேன், மறுபடி மாறிடுச்சு. மதர்போர்ட் பேட்டரி போயிருக்குமோ?

கறுப்புப்பெட்டி

தானியங்கி மவுண்ட்டுக்கு நான் சொல்கிறேன். எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று டெர்மினலில் போட்டால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யுயுஐடி (அதன் தனி அடையாள எண்) தெரியும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு அது பதினாறு இலக்க ஹெக்ஸ் எண். லினக்ஸ் பார்ட்டிஷன்களுடையது போல நடுவில் கோடுகள் இருக்காது. /எம்என்டி/டி என்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட்டின்போது எதை மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) யுயுஐடி= என்று எழுதி ஒட்டினாற்போல் அந்த எண், அந்த ஃபோல்டர், என்டிஎஃப்எஸ்-3ஜி, பிறகு ஆப்ஷன்கள், கடைசியில் 0 0 என்று ஒரே வரி. ஆப்ஷன்கள், இடைவெளி இல்லாமல் காற்புள்ளி இட்டு:

யுஐடி=1000,ஜிஐடி=1000,யுமாஸ்க்=022,நோஃபெயில்,விண்டோஸ்_நேம்ஸ்

இதில் நோஃபெயில் கட்டாயம். அது இல்லாமல் என்றைக்காவது டிரைவ் கண்ணில் படாவிட்டால் சிஸ்டம் சுமார் 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய் நிற்கும். விண்டோஸ்_நேம்ஸ் என்பது முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போல விண்டோஸ் ஏற்காத எழுத்துகளைக் கோப்புப் பெயரில் வைக்க விடாது. ஸ்டீம் விளையாட்டுகளை அதே டிரைவில் வைத்து புரோட்டானில் (விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் கருவி) ஓட்டுவதாக இருந்தால் இதை எடுத்துவிடுங்கள். புரோட்டான் "சி:" என்ற பெயரிலேயே ஓர் இணைப்பை உருவாக்கும், அது இங்கே தடுக்கப்படும். உண்மையில் அந்த விளையாட்டுகளை லினக்ஸின் சொந்தக் கோப்பு முறையான எக்ஸ்ட்4-இல் வைப்பதுதான் தலைவலி இல்லாத வழி.

சேமித்ததும் ரீபூட் செய்துவிடாதீர்கள். ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை போட்டால் எழுத்துப் பிழை இருந்தால் சொல்லும். அதன் பிறகு சூடோ மவுண்ட் -ஏ.

முனையவாசி

பேட்டரியா இல்லையா என்பதை ஒரு கேள்வியிலேயே தெரிந்துகொள்ளலாம். பிளக்கைக் கழற்றி வைத்திருந்து போட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறதா? அப்படியானால் பேட்டரி, டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். தேதியெல்லாம் சரி, நேரம் மட்டும் உங்கள் நேர மண்டலத்துக்கும் யுடிசிக்கும் (உலகப் பொது நேரம்) உள்ள வித்தியாசம் அளவுக்கு அச்சாக விலகுகிறதா? அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது.

மதர்போர்டில் ஒரு கடிகாரம் உண்டு. அதற்கு நேர மண்டலம் என்றால் என்னவென்று தெரியாது, வெறும் எண்தான். லினக்ஸ் அதில் யுடிசி இருப்பதாக எடுத்துக்கொண்டு, உங்கள் மண்டலத்தைக் கூட்டித் திரையில் காட்டும். விண்டோஸ் அதிலேயே உள்ளூர் நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இணையத்தோடு நேரம் ஒத்திசைந்துவிட்டால் லினக்ஸ் கர்னல் ஏறக்குறைய 11 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தைத் திருத்தி எழுதும். பயாஸில் நீங்கள் செய்த திருத்தம் நிற்காமல் போனது அதனால்தான்.

இது அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. நேரம் பின்தங்கி இருக்கும்போது இயங்குதள அப்டேட் போட்டால் "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மின்ட்டின் பொதி நிறுவியான ஏபிடி மறுக்கும், பிரவுசர் சான்றிதழ் பிழை காட்டும். நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுவோம்.

இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும்; இரண்டையும் மாற்றினால் திசை திரும்பி அதே கோளாறு வரும். டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்ற கட்டளை லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும். ஒரு வரியில் முடிகிற வேலைதான், ஆனால் கோடைகால நேர மாற்றம் உள்ள இடங்களில் யார் எப்போது ஒரு மணி நேரத்தைக் கூட்டினார்கள் என்று குழம்பும்; அந்தக் கட்டளையே எச்சரிக்கிறது. விண்டோஸை யுடிசிக்கு மாற்றுவது என் தேர்வு:

ரெஜிஸ்ட்ரி எடிட்டர், ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்ஜோன்இன்ஃபர்மேஷன். அங்கே புதிய டிவேர்டு 32-பிட் மதிப்பு. பெயர் ரியல்டைம்இஸ்யுனிவர்சல், நான்கு சொல்லும் இடைவெளி இல்லாமல், ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்கும். மதிப்பு 1. ரீபூட். பிறகு மின்ட்டுக்கு ஒருமுறை வந்து இணையத்தில் நேரம் ஒத்திசையட்டும். அடுத்த முறை விண்டோஸும் சரியாகக் காட்டும்.

அரைவட்டம்

டி தானா மவுண்ட் ஆகுது, நேரமும் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கு. ஹெட்செட் மட்டும் பாக்கி.

முனையவாசி

பேரிங் செய்யும்போது கணினியும் ஹெட்செட்டும் ஒரு சாவியை உருவாக்கி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்கின்றன. ஹெட்செட் அந்தச் சாவியைக் கணினியின் ப்ளூடூத் முகவரியோடு சேர்த்துத்தான் நினைவில் வைக்கும். உங்கள் இரண்டு தளங்களுக்கும் அடாப்டர் ஒன்று, முகவரியும் ஒன்று. எனவே விண்டோஸில் புதிதாக இணைத்தால் ஹெட்செட் மின்ட்டின் சாவியைத் தூக்கியெறிந்துவிடும். ஹெட்செட்டைக் குறை சொல்ல முடியாது, அதற்கு எதிரே இருப்பது ஒரே ஆள். தீர்வு, இரண்டு பக்கமும் ஒரே சாவி இருப்பது.

வரிசை முக்கியம். முதலில் மின்ட்டில் பேரிங் செய்யுங்கள், பிறகு விண்டோஸில். கடைசியாக உருவான சாவிதான் செல்லும். விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்து மின்ட்டுக்கு வந்து, மறுபடி இணைக்க முயலாமல்:

சி டிரைவைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, விண்டோஸ்/சிஸ்டம்32/கான்ஃபிக் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் என்ற கோப்பை உங்கள் ஹோமுக்கு நகலெடுங்கள். மூலத்தைத் தொட வேண்டாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி கோப்பைத் திறக்கும் சிஎச்என்டிபிடபிள்யூ பொதியை நிறுவி, -இ ஆப்ஷனோடு அந்த நகலைத் திறங்கள். உள்ளே சிடி கட்டளையால் கன்ட்ரோல்செட்001, சர்வீசஸ், பிடிஎச்போர்ட், பாராமீட்டர்ஸ், கீஸ் என்று இறங்கினால் அடாப்டரின் முகவரி பன்னிரண்டு இலக்கமாக இருக்கும். அதற்குள் எல்எஸ் போட்டால் ஹெட்செட்டின் முகவரி. ஹெக்ஸ் என்று எழுதி இடைவெளி விட்டு அந்த முகவரியைக் கொடுத்தால் பதினாறு பைட் சாவி திரையில் வரும்.

இனி சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் ப்ளூடூத். நிறுத்தாமல் திருத்தினால் அந்தச் சர்வீஸ் உங்கள் மாற்றத்தின்மேல் எழுதிவிடலாம். /வார்/லிப்/ப்ளூடூத் ஃபோல்டரில் அடாப்டர் முகவரி, அதற்குள் ஹெட்செட் முகவரி, அதற்குள் இன்ஃபோ என்ற கோப்பு. ரூட்டாகத்தான் திறக்கும். லிங்க்கீ என்ற பகுதியில் கீ= என்ற வரியில், அந்தப் பதினாறு பைட்டை இடைவெளி நீக்கி 32 பெரிய எழுத்து ஹெக்ஸ் இலக்கங்களாக எழுதுங்கள். சேமித்து, ஸ்டாப் என்ற இடத்தில் ஸ்டார்ட் போட்டு சர்வீஸைத் தொடங்குங்கள்.

சாவி வரிக்கு வலப்பக்கம் அதே பைட்களை எழுத்து வடிவில் காட்டும் பகுதியும் வரும். அதைச் சேர்த்து எழுதிவிடாதீர்கள். 32-க்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இணையாது.

ஒற்றைத்தந்தி

ப்ளூடூத் மவுஸுக்கும் இதேதானா?

முனையவாசி

பெரும்பாலான புது மவுஸ்கள் லோ எனர்ஜி வகை, அவற்றுக்கு வேலை கூடுதல். விண்டோஸில் முகவரிக்கு நேரே ஒற்றைச் சாவி இராது. முகவரி ஒரு ஃபோல்டராகவே இருக்கும், உள்ளே எல்டிகே, இடிஐவி, இராண்ட் என்று தனித்தனி. மின்ட்டின் இன்ஃபோ கோப்பில் எல்டிகே ஹெக்ஸாகவும், மற்ற இரண்டும் பத்தடிமான எண்ணாகவும் எழுத வேண்டும். இராண்டை மாற்றும் முன் அதன் எட்டு பைட்களின் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சில மவுஸ்கள் ஒவ்வொரு பேரிங்கிலும் தன் முகவரியையே மாற்றும். அப்போது மின்ட்டில் உள்ள ஃபோல்டரின் பெயரையும் விண்டோஸில் உள்ள முகவரிக்கு மாற்றினால்தான் பிடிக்கும். இவ்வளவு செய்வதற்கு, ஒரு யூஎஸ்பி ரிசீவர் வைத்த மவுஸ் சுகம்.

அரைவட்டம்

முதல் தடவை இணையலை. எண்ணிப் பார்த்தா 31 இலக்கம்தான் இருந்துச்சு, ஒரு சுழியம் விட்டுப்போயிருக்கு. திருத்தினதும் ரெண்டு பக்கமும் தானா இணையுது. மூணும் முடிஞ்சுது.

முனையவாசி

நல்லது. விண்டோஸின் பெரிய பதிப்பு அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மறுபடி உயிர்பெறும். அந்த அப்டேட் முடிந்ததும் மின்ட்டில் எதையும் எழுதுவதற்கு முன் விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி /ஏ போட்டுப் பாருங்கள். கிடைக்கும் தூக்க நிலைகளின் பட்டியலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் /எச் ஆஃப் இன்னொரு முறை.