அமுக்கினால் அமுங்கிய இடத்திலேயே நிற்கிறது: சொந்தமாகச் செய்த பி.யூ. புஷ், அவசரம்

ஹலசூர்_கராஜ் (சனி, இரவு 10:42)
நண்பர்களே, அவசர உதவி. முன் சஸ்பென்ஷன் ஆர்ம் ஃபிரேமில் சேரும் மூட்டுகளுக்குப் புதிதாக பி.யூ. (பாலியூரித்தேன்) புஷ், அதாவது மூட்டுக்குள் போடும் குழல், செய்து மாட்டினேன். எல்லா போல்ட்டும் முறுக்கியாயிற்று. ஜாக்கியை இறக்கினால் வண்டி கூடவே இறங்க மாட்டேன் என்கிறது. மூக்கின் மேல் உட்கார்ந்து அமுக்கினால் அமுங்குகிறது, அப்புறம் அப்படியே நிற்கிறது. தூக்கிவிட்டால் தூக்கிய உயரத்திலேயே நிற்கிறது. போதாததற்குப் பழைய மரக்கதவு மாதிரி கிறீச் சத்தம். புஷ்ஷில் என்ன தப்பு? நாளை சாயங்காலம் பசங்க வண்டி பார்க்க வருகிறார்கள்.

குஜிரி_ராஜா (10:47)
எந்த வண்டி தலைவா?

தங்கவயல் (10:55)
எந்த வண்டி, ஸ்பிரிங் எது, புஷ்ஷுக்குள்ளே ஸ்லீவ் (போல்ட் நுழையும் இரும்புக் குழாய்) உண்டா, கிரீஸ் போட்டீர்களா, முறுக்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா தரையில் இருந்ததா? ஒரு போட்டோவாவது போடுங்கள் தம்பி. கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்க்க முடியாது.

பழைய_பியட் (11:08)
புஷ் எல்லாம் ஒன்றும் இல்லை. ஷாக் அப்சார்பர் ராட் வளைந்திருக்கும். எனக்கு ஒரு தடவை இதே கதைதான். குழியில் விழுந்து ராட் லேசாக வளைந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடியே மூன்று நாள் ஓடியது. இரண்டு ஷாக்கையும் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அப்படியே ஒரு சந்தேகம்: பத்மினிக்குப் பின் லீஃப் ஸ்பிரிங் ஷாக்கிள் புஷ் நல்லதாக எங்கே கிடைக்கும்?

கணக்கன் (11:31)
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கமே போய்விட்டது.

அடிப்படை இதுதான். கம்பெனி வண்டியில் வரும் சைலண்ட் பிளாக்கில் ரப்பர் உள் குழாயோடும் வெளிக் குழாயோடும் ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ம் அசையும்போது எதுவும் வழுக்குவதில்லை, ரப்பரே முறுக்கிக்கொள்கிறது. பி.யூ. புஷ் ஒட்டப்படுவதில்லை, ஸ்லீவின் மேல் வழுக்கிச் சுழல வேண்டும். அந்த வழுக்கலுக்கு இடம் கொடுக்காமல் இறுக்கினால் அது புஷ் அல்ல, பிரேக். இது புரியாமல் லேத்தைத் தொடக்கூடாது.

ஹலசூர்_கராஜ் (ஞாயிறு, காலை 7:15)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கம்பெனி வண்டி இல்லை. இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி, பைப் ஃபிரேம், நானே வெல்ட் செய்தது. மாருதி 800 இன்ஜின் பின்னால். முன்னால் மேல் கீழ் இரண்டு விஷ்போன் (கவட்டை வடிவ ஆர்ம்), அவையும் நானே செய்தவை. ஷாக் புதுசு, கையால் இழுத்தால் நன்றாகவே வேலை செய்கிறது. புஷ் 90 ஷோர் (கடினத்தின் அளவு) பி.யூ. ராட் வாங்கி பெங்களூரு பீன்யாவில் லேத்தில் கடைந்தது. எம்12 போல்ட். ஸ்லீவ் லேத்காரர் வெட்டிக் கொடுத்தது, 45 மி.மீ. இருக்கும். கிரீஸ் போட்டேன்.

தங்கவயல் (7:40)
'இருக்கும்' என்பது அளவு இல்லை தம்பி. வெர்னியர் வைத்து மூன்று அளவு சொல்லுங்கள். ஃபிரேமில் ஆர்மைப் பிடிக்கும் இரண்டு காதுத் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு? புஷ் இரண்டையும் ஆர்ம் முனையில் இருக்கும் கண்ணுக்குள் (வளையத்துக்குள்) போட்ட பிறகு காலர் முதல் காலர் வரை, அதாவது புஷ்ஷின் வெளி விளிம்பு முதல் விளிம்பு வரை, எவ்வளவு? ஸ்லீவ் எவ்வளவு?

குஜிரி_ராஜா (8:02)
எதற்கு இந்தத் தலைவலி? ஜே.சி. ரோட்டில் ஏதாவது ஒரு மாருதி லோயர் ஆர்ம் சைலண்ட் பிளாக்கை முதலில் வாங்கி, அதன் வெளி விட்டத்துக்கு ஏற்ற மாதிரி விஷ்போன் கண்ணைச் செய்திருந்தால் வேலை முடிந்தது. தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். இப்போது ஒவ்வொரு தடவையும் பீன்யாவுக்கு ஓட வேண்டும். கண்ணைச் செய்துவிட்டுப் புஷ் தேடுவது, செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுகிற மாதிரி.

பழைய_பியட் (8:10)
ராஜா சொன்னதுதான் சரி. ரப்பரை மிஞ்ச எதுவும் இல்லை. சத்தம் கிடையாது, கிரீஸ் கிடையாது. ஒரே நிபந்தனை, வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அந்த வம்பு பி.யூ.வில் இல்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கணக்கன் (8:26)
வண்டியை லேசாகவும் கூர்மையாகவும் ஓட்டத்தானே சொந்தமாகச் செய்கிறார்? ரப்பர் போட்டால் பிரேக் பிடிக்கும்போது விஷ்போன் பின்னால் நகரும், சக்கரத்தின் கோணமே மாறும். அசிட்டல் என்ற கெட்டி பிளாஸ்டிக் போடுங்கள். கடைவதற்கு வெண்ணெய்.

எஸ்பி_ரோடு_நைலான் (8:33)
அசிட்டலுக்கு விலை அதிகம். எஸ்.பி. ரோட்டில் நைலான் ராட் கிலோ கணக்கில் கிடைக்கிறது. அதில் செய்யலாமே?

கணக்கன் (8:39)
நைலான் தண்ணீர் குடிக்கும். குடித்தால் உப்பும். வெயில் காலத்தில் சரியாக உட்கார்ந்த புஷ் ஆகஸ்டில் ஸ்லீவைக் கவ்விக்கொள்ளும். அசிட்டல் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் குடிக்காது. ஆனால் அதைக் கண்ணுக்குள் அடித்து இறக்கினால் உள் துளை சுருங்கும். வெளியே எவ்வளவு இறுக்கமோ கிட்டத்தட்ட அவ்வளவும் உள்ளே வந்துவிடும். அதனால் இறக்கிய பிறகு ரீமர் விட்டுத் துளையைச் சரியான அளவுக்குச் சீவ வேண்டும். இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

குஜிரி_ராஜா (8:41)
ஐயா சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார், எல்லோரும் எழுந்து நின்று கேளுங்கள்.

சில்க்_போர்டு_கைதி (9:05)
இதெல்லாம் இருக்கட்டும். இந்த வண்டியை ரோட்டில் எடுத்தால் பிடிக்க மாட்டார்களா? 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே, வண்டியை மாற்றக்கூடாது என்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு.

பழைய_பியட் (9:12)
அந்தப் பிரிவு பதிவான வண்டியை மாற்றுவதைப் பற்றியது. இது பதிவே ஆகாத வண்டி. இதற்கு வரவேண்டியது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதி. முன்மாதிரி வண்டியை புனேயில் இருக்கும் அராய் (ARAI) மாதிரி சோதனை அமைப்பிடம் கொடுத்துச் சோதித்து வாங்க வேண்டும்.

சில்க்_போர்டு_கைதி (9:15)
எந்த விதியாக இருந்தால் என்ன, பிடிப்பார்கள்தானே?

பழைய_பியட் (9:16)
பிடிப்பார்கள். ஆனால் சரியான விதியில் பிடிக்கட்டும்.

தங்கவயல் (9:30)
தம்பி ரோட்டில் ஓட்டுவதாக எங்கே சொன்னார்? கோயம்புத்தூரில் கரிவரதன் இதே 800 இன்ஜினை வைத்து 1980களின் கடைசியில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகள் செய்தார். அவர் பேரில்தான் செட்டிப்பாளையம் டிராக் இருக்கிறது. எல்லோரும் ஆர்.டி.ஓ. வாசலில் நின்றுகொண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. புஷ்ஷுக்கு வாருங்கள்.

பீன்யா_ஷிஃப்ட் (9:48)
லேத் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அளவெல்லாம் அப்புறம். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள் அண்ணா. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் கழற்றி, விஷ்போனை மட்டும் விடுங்கள். போல்ட் முறுக்கிய நிலையில் ஆர்மைத் தூக்கிவிட்டால் தன் எடையில் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள்.

தளர்த்தியதும் இறங்கினால், ஸ்லீவ் புஷ்ஷைவிடக் குட்டை. காதுகள் ஸ்லீவைப் பிடிக்காமல் பி.யூ. காலரைப் பிடித்து நசுக்குகின்றன. எம்12, 8.8 போல்ட்டை 80 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் கிட்டத்தட்ட நாலு டன் இறுக்கம். எந்த பி.யூ. தாங்கும்? ஸ்லீவ்தான் காது முதல் காது வரை முழுசாக நிற்க வேண்டும். புஷ் அதைவிடப் பத்துப் பதினைந்து தௌ, அதாவது கால் மில்லி சொச்சம், குறைவாக இருக்க வேண்டும்.

தளர்த்தியும் இறங்கவில்லை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, துளை. பி.யூ.வில் டிரில் ஓட்டினால் சுற்றியிருப்பது ஒதுங்கி வழிவிட்டு, டிரில்லை எடுத்ததும் திரும்ப வந்துவிடும். 18 டிரில் ஓட்டினால் 18 கிடைக்காது. நாங்கள் ராட்டை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டு, சவரக்கத்தி மாதிரி தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். டூலில் கடைவோம். இன்னொன்று, வெல்டிங். ஒரு ஆர்மின் இரண்டு கண்ணும் ஒரே கோட்டில் இல்லையென்றால் உலகத்தில் உள்ள எந்தப் புஷ்ஷும் உதவாது. 12 மி.மீ. பிரைட் பாரை (வழவழப்பான நேர் இரும்புக் கம்பியை) இரண்டு ஸ்லீவுக்குள்ளும் ஒரே மூச்சில் நுழைத்துப் பாருங்கள்.

எஸ்பி_ரோடு_நைலான் (9:55)
அப்படியானால் போல்ட்டை அரைச் சுற்று தளர்வாகவே விட்டு, நட்டை வெல்ட் செய்துவிட்டால்?

பீன்யா_ஷிஃப்ட் (9:58)
வேண்டாம் அண்ணா. ஸ்லீவ் போல்ட்டின் மேல் சுழன்று இரண்டையும் தின்றுவிடும். காது ஓட்டை நீள்வட்டமாகும். அப்புறம் ஒரு நாள் போல்ட்டே வெட்டுப்படும்.

கணக்கன் (10:10)
இதைத்தான் நேற்றிரவு 11:31க்கே பிரேக் என்று சொன்னேன்.

தங்கவயல் (10:14)
சொன்னீர்கள் ஐயா. என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும்தான் சொல்லவில்லை.

குஜிரி_ராஜா (10:15)
எந்த கிரீஸ் போட்டார் என்று யாரும் கேட்கவில்லையே?

ஹலசூர்_கராஜ் (மாலை 4:20)
கிரீஸ் எம்.பி.3. தவறா?

அளந்துவிட்டேன். காது நடுவே 46.0. காலர் முதல் காலர் 46.2. ஸ்லீவ் 44.6. வெட்டும்போதே ஒன்றரை மில்லி குறைகிறதே என்று லேத்காரரிடம் கேட்டேன், 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்றார். நானும் அட்ஜஸ்ட் மாடிவிட்டேன்.

பீன்யா_ஷிஃப்ட் (4:31)
அதுதான் விஷயம். ஸ்லீவை ஈ.என்.8 எஃகில் 46க்குப் புதிதாக வெட்டுங்கள். காலரை 45.7க்குக் குறையுங்கள். எம்.பி.3 பி.யூ.வைக் கெடுக்காது, ஆனால் வெளியே பிதுங்கி இரண்டு மழையில் போய்விடும். கிறீச் சத்தம் திரும்ப வரும். சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள்.

பழைய_பியட் (4:40)
ரப்பர் போட்டிருந்தால் இந்தக் கிரீஸ் கேள்வியே வந்திருக்காது. எம்.பி.3 பட்டால் ரப்பர்தான் உப்பும், அது வேறு விஷயம்.

குஜிரி_ராஜா (4:42)
சாயங்காலம் பசங்க வந்தார்களா?

தங்கவயல் (புதன், இரவு 9:03)
தம்பி, என்ன ஆயிற்று? ஸ்லீவ் வெட்டினீர்களா?

ஹலசூர்_கராஜ் (அடுத்த ஞாயிறு, மதியம் 1:50)
வெட்டினேன். இடது பக்கம் மேல் கீழ் இரண்டும் தொட்டாலே இறங்குகிறது. வலது கீழ் ஆர்ம் மட்டும் போல்ட்டைத் தளர்த்தினாலும் முரண்டு பிடித்தது. பார் உள்ளே போகவில்லை, இரண்டாவது ஸ்லீவின் விளிம்பில் மூன்று மில்லி தள்ளி இடிக்கிறது. அந்த ஆர்ம் ஒன்றைத்தான் பார் நுழைக்காமல் அவசரத்தில் வெல்ட் செய்தேன். ஒரு கண்ணை அறுத்தெடுத்துவிட்டேன், திரும்ப வெல்ட் வைக்க வேண்டும். எல்லோருக்கும் நன்றி, பீன்யா அண்ணனுக்குத் தனியாக.

பீன்யா_ஷிஃப்ட் (2:05)
இந்தத் தடவை பாரை உள்ளே விட்டே வெல்ட் வையுங்கள். சூடு ஆறும்வரை உருவாதீர்கள். பி.யூ.வை முதலில் கழற்றிவிடுங்கள், உருகிவிடும்.

பழைய_பியட் (2:30)
ஷாக்கிள் புஷ் பற்றி யாருமே சொல்லவில்லையே?