அப்பத்தா வீட்டுச் சாமான் (குடும்பக் குழு)

*ஞாயிறு*

பெரியப்பா: வருகிற புதன்கிழமை அப்பத்தா வீட்டை இடிக்க ஆள் சொல்லியாச்சு. உள்ளே கிடக்கிற சாமான்களில் யாருக்கு எது வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அப்புறம் ‘என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே’ என்று யாரும் வரக்கூடாது.

பெரியப்பா: (6 படங்கள்)

சென்னைச் சித்தப்பா: அண்ணே, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். நெல் அளக்கிற மரக்காலுக்கும் பித்தளை அண்டாவுக்கும் நல்ல கிராக்கி. பேசட்டுமா?

உசிலம்பட்டி அத்தை: அம்மாவோட சுருக்குப்பை எனக்கு. வேறு ஒன்றும் வேண்டாம்.

கயல்: பெரியப்பா, எதையும் விற்காதீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. புழங்குபொருட்களுக்கென்றே உள்ளது. படங்களைப் பேராசிரியரிடம் காட்டினேன். சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்.

சென்னைச் சித்தப்பா: ஆட்டுக்கல்லையும் புடைக்கிற சொளகையும் யாரும்மா டிக்கெட் எடுத்துப் பார்ப்பார்கள்? திருமலை நாயக்கர் மகாலில் தூணாவது இருக்கிறது.

பெரியப்பா: ஏன்டா, நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழடி போனாயே, அங்கே என்ன ராஜா கிரீடமா வைத்திருக்கிறார்கள்? நூல் நூற்கிற தக்களி, பகடை, சீப்பு, பேர் கீறிய பானை ஓடு. 2023இல் திறந்ததிலிருந்து அதைப் பார்க்கத்தானே வேன் பிடித்து வருகிறார்கள்.

சென்னைச் சித்தப்பா: அது ரெண்டாயிரம் வருஷத்துச் சாமான் அண்ணே.

கயல்: அதுவும் ஒரு காலத்தில் யாரோ வீட்டுச் சாமான்தானே சித்தப்பா. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் என்று ஒன்று, 1884இல் தொடங்கியது. அங்கே நாடு வாரியாகப் பிரிக்காமல் வகை வாரியாக வைத்திருக்கிறார்கள். விளக்கு என்றால் எந்த நாட்டு விளக்கானாலும் ஒரே இடத்தில்.

சென்னைச் சித்தப்பா: சரி சரி, உன் படிப்பு. காசு தருவார்களா?

கயல்: தரமாட்டார்கள். அதோடு சாமானை மட்டும் கொடுத்தாலும் வாங்க யோசிப்பார்கள். யார் செய்தது, எந்தச் சந்தையில் வாங்கியது, யார் புழங்கியது, எதற்குப் புழங்கியது, எல்லாம் எழுதித் தரவேண்டும். கடைக்குப் போனால் முதலில் காணாமல் போவது அந்த விவரம்தான். அண்டா வரவேற்பறையில் பூந்தொட்டியாகிவிடும்.

திருமங்கலம் சித்தி: கயல், நான் நாளைக்கே போய் பித்தளையை எல்லாம் புளி போட்டு விளக்கி வைக்கட்டுமா? பளிச்சென்று கொடுக்கலாம்.

கயல்: ஐயோ வேண்டவே வேண்டாம் சித்தி! கரியும் கறையும் இருக்கட்டும். அடியில் எந்தப் பக்கம் கரி ஏறியிருக்கிறது என்பதை வைத்தே எந்த அடுப்பில் ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். மரச் சாமானுக்கு எண்ணெயும் தடவாதீர்கள். வண்டு அரித்திருந்தால் உறையில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் வைத்துப் பூச்சியைக் கொன்றுவிடுவார்கள்.

உசிலம்பட்டி அத்தை: நாங்கள் வேப்பிலையும் நொச்சியும் போட்டோம். இவர்கள் ஐஸ் பெட்டியில் வைக்கிறார்களாக்கும் 😄

கயல்: மரக்காலில் இருந்து ஆரம்பிப்போம். அது எத்தனை படி பெரியப்பா?

பெரியப்பா: ஆறு.

சென்னைச் சித்தப்பா: எட்டு அண்ணே. இப்போதுதான் போனில் பார்த்தேன். 8 படி ஒரு மரக்கால்.

பெரியப்பா: உன் போன் எந்த ஊர்? மீனாட்சியம்மன் கோயில் முக்குறுணிப் பிள்ளையாருக்கு சதுர்த்திக்கு எத்தனை படி அரிசியில் கொழுக்கட்டை? 18. குறுணியும் மரக்காலும் ஒன்று. மூன்று குறுணிக்கு 18 என்றால் ஒன்றுக்கு எத்தனை? நீயே வகுத்துக்கொள்.

கயல்: வாய்பாட்டில் 8 என்றுதான் இருக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் அளவு வேறு. 1956 சட்டத்துக்கு அப்புறம்தான் கிலோ, லிட்டர் என்று எல்லா ஊருக்கும் ஒரே அளவு வந்தது. அதனால்தான் நம் மரக்காலையே அரிசி கொட்டி அளந்து பார்க்கவேண்டும் என்கிறார் பேராசிரியர்.

பெரியப்பா: அளக்கட்டும். இன்னொன்றையும் எழுதிக்கொள். களத்தில் நெல் அளக்கும்போது அப்பா ‘ஒன்று’ என்று சொல்லவே மாட்டார். ‘லாபம்’ என்பார். அப்புறம் ரெண்டு, மூணு. மரக்கால் வாயில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும் பார், அது உள்ளங்கையால் தலை தட்டித் தட்டித் தேய்ந்தது.

கயல்: 👏👏 இதுதான் வேண்டும்!

உசிலம்பட்டி அத்தை: (குரல் செய்தி 3:10)

கயல்: அத்தை சொன்னதை எழுத்தில் போடுகிறேன், கேட்க முடியாதவர்களுக்காக: நெல் கொட்டி வைக்கிற மண் குலுக்கையை வெளியில் செய்து உள்ளே கொண்டுவரவில்லை. செம்மண்ணில் வைக்கோல் கலந்து மிதித்து, அறைக்குள்ளேயே ஒரு சாண், ஒரு சாணாகக் காயவிட்டு உயர்த்தினார்கள். வாய் மேலே, நெல் எடுக்கும் ஓட்டை கீழே. அடியில் மிச்சம் வழிக்க அத்தையைத்தான் உள்ளே இறக்கிவிடுவார்களாம். மூட்டுக்கு மேல் நெல் சுணை அரிக்குமாம்.

திருமங்கலம் சித்தி: அப்படியென்றால் அதை வெளியே எப்படிக் கொண்டுபோவது? வாசல் அவ்வளவு ஒடுக்கம்.

கயல்: கொண்டுபோக முடியாது சித்தி. எடுத்தால் உடையும். இருக்கிற இடத்திலேயே அளந்து, வரைந்து, அத்தை பேசுவதை வீடியோ எடுக்கவேண்டும். அதற்குத்தான் கேட்கிறேன், இடிப்பதைத் தள்ளிப்போட முடியுமா பெரியப்பா?

சென்னைச் சித்தப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

பெரியப்பா: நீக்கினாலும் படித்துவிட்டேன். புதன்கிழமை ஆள் வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். முன்பணம் போனால் அதைச் சித்தப்பா கொடுப்பான்.

சென்னைச் சித்தப்பா: நானா?

பெரியப்பா: ஆனால் கயல், மரக்கால் மட்டும் போகாது. வீட்டில் கல்யாணம் என்றால் நெல் நிறைத்து வைக்க வேறு என்ன இருக்கிறது? படம் எடுக்கட்டும், அளக்கட்டும், திருப்பி வைத்துவிடட்டும்.

கயல்: கேட்டுப் பார்க்கிறேன் பெரியப்பா. திருகை, உலக்கை, சொளகு, மாடு கட்டிக் கிணற்றில் இறைத்த கமலைக்கயிறு?

பெரியப்பா: தாராளமாக. உலக்கையில் பூண் ஆடுகிறது, பார்த்துத் தூக்கச் சொல்.

உசிலம்பட்டி அத்தை: சனிக்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள்? சைவமா, கோழி அடிக்கலாமா?

கயல்: நாலு பேர் அத்தை. பேராசிரியர் மட்டும் சைவம்.