மறு: பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர் – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒரே மூச்சாகப் படித்தேன். குளிர்நாட்டு வீடுகளில் வெந்நீரோ நீராவியோ ஓடி அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர், இடித்த கட்டடங்களிலிருந்து கிடைக்கிறது; அதைச் சீர்செய்து வீட்டில் பொருத்துவதற்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும், அதற்குச் சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய பேச்சு இது. ரேடியேட்டர் என்றால் கதிர் வீசுவது என்பதால், பெயரில் ‘கதிர்’ வருவது சரியா தவறா என்பதிலேயே பாதி மடல்கள் போய்விட்டன. நான் இந்த வேலையைக் கையால் செய்கிறவன். ஸ்பானரோடு தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சொல் உதவுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தக் கண்ணோடு சிலவற்றை எழுதுகிறேன்.

> ‘கதிரியக்கி’ என்று வைத்துக்கொள்ளலாமே.

வேண்டாம் ஐயா. கதிரியக்கம் என்றால் இன்று எல்லோருக்கும் யுரேனியமும் அணு உலையும்தான் நினைவுக்கு வரும். படுக்கையறையில் கதிரியக்கியைப் பொருத்துவது எப்படி என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் பதறிப்போவார்.

> அப்படியானால் ‘கதிர்வீசி’. மூலச்சொல்லுக்கும் நேராக இருக்கிறது.

மூலச்சொல்லே பொருளுக்கு நேராக இல்லை என்பதுதான் சிக்கல். பல தூண்கள், அதாவது நிமிர்ந்து நிற்கும் குழாய்கள், கொண்ட வார்ப்பிரும்பு ரேடியேட்டர் அறைக்குத் தரும் வெப்பத்தில் பெரும்பங்கு காற்றின் வழியாகப் போகிறது. தூண்களுக்கு இடையில் சூடான காற்று மேலே எழும். அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். இப்படியே சுற்றும். கதிராகப் போவது சிறுபங்குதான். உள்ளே இருக்கும் தூண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதால், அவை வீசும் கதிரைப் பக்கத்துத் தூணே வாங்கிக்கொள்கிறது. வெளிமுகம் மட்டும்தான் அறையைப் பார்க்கிறது. எனவே ‘கதிர்வீசி’ என்று எழுதினால், இதன் முன்னால் கதிரைத் தடுக்காமல் இருந்தால் போதும் என்று வாசகர் எண்ணிக்கொள்வார். அடியிலும் மேலேயும் காற்றுக்கு வழி விட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றாது. சன்னல் மேடையை ரேடியேட்டரின் தலைக்கு மேல் ஒட்டி வைத்து, அடிப்பக்கத்தைப் பலகையால் மூடிவிட்டு, அறை சூடாகவில்லை என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற மொழிகளும் ‘கதிரை’ப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. ஜெர்மனில் ஹைட்ஸ்கெர்பர், அதாவது சூடாக்கும் உடல். ரஷ்யர்கள் பேச்சில் பத்தரேயா என்பார்கள். ஒரே உறுப்பு வரிசையாக நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். இத்தாலியில் தெர்மோசிஃபோனே. இந்தப் பொருளை 1855ஐ ஒட்டிய ஆண்டுகளில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் பிரான்ஸ் சான் கல்லியும் இதைச் சூடான பெட்டியாகத்தான் பார்த்தார். ஆக, நாமும் நம் கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயரிடலாம்.

நான் முன்வைப்பது கணப்பு. குளிர்காய மூட்டும் நெருப்பு என்ற பொருளில் இந்தச் சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. கணப்பு, கணப்புச்சட்டி, கணப்படுப்பு எல்லாம் அகராதியிலும் உண்டு. ‘உடம்பு கணகணவென்று இருக்கிறது’ என்று இன்றும் வீட்டில் சொல்கிறோம். தொட்டால் சுடாத, ஆனால் விடாமல் இருக்கும் சூடு அது. வெந்நீர் ஓடும் ரேடியேட்டரின் அருகே கை நீட்டிப் பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

> கணப்பு என்றால் நெருப்பு இருக்க வேண்டும். சங்கச் சொல் வேண்டுமானால் ‘தடவு’ இருக்கிறதே.

தடவு அழகான சொல்தான். நெடுநல்வாடையில் வாடைக்காலத்தில் செந்நெருப்பு இட்ட தடவு வருகிறது. ஆனால் இன்று ‘தடவு’ என்று எழுதினால் எண்ணெயையோ பசையையோ தடவச் சொல்வதாகத்தான் படிப்பார்கள். கையேட்டில் இரண்டு பொருளிலும் வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். நெருப்பு என்ற தடைக்கு எளிய வழி, எது சூட்டைக் கொண்டுவருகிறதோ அதை முன்னால் சேர்ப்பது. வெந்நீர் ஓடினால் நீர்க்கணப்பு. நீராவி ஓடினால் ஆவிக்கணப்பு. எண்ணெய்க்கணப்பு, மின்கணப்பு எல்லாம் தானாக அமைந்துவிடும். காரில் இருக்கும் ரேடியேட்டருக்கு இந்தப் பெயர் வேண்டாம். அது எஞ்சினைக் குளிர்விக்க வந்தது. நோக்கமே நேர் எதிர். அது ரேடியேட்டராகவே இருக்கட்டும்.

நீர், ஆவி என்ற இந்தப் பிரிவுதான் எனக்கு முக்கியம். பழைய பொருளை வாங்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். பக்கத்தில் குனிந்து, அடுத்தடுத்த இரு உறுப்புகள் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். கீழே மட்டும் சேர்ந்திருந்து, மேலே விரல் நுழையும் இடைவெளி திறந்திருந்தால் அது ஆவிக்கணப்பு. அதில் நீரை ஏற்றினால் ஒவ்வொரு உறுப்பின் தலையிலும் காற்று சிறைப்பட்டுவிடும். அது வெளியேற வழியே கிடையாது. மேல்பாதி குளிர்ந்தே கிடக்கும். மேலும் கீழும் சேர்ந்திருந்தால் நீருக்கு ஆகும், ஆவிக்கும் ஆகும். இன்னொரு அடையாளமும் உண்டு. நீராவி வருவதும் குளிர்ந்த நீர் திரும்புவதும் ஒரே குழாயில் நடக்கும் ஒற்றைக்குழாய் ஆவிக்கணப்பில் காற்று வெளியேறும் வாய் ஓர உறுப்பின் பக்கவாட்டில், ஏறக்குறைய நடு உயரத்தில் இருக்கும். நீர்க்கணப்பில் அது உச்சியில் இருக்கும். ‘கதிர்வீசி’ என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டால், சுமக்க முடியாத எடையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உண்மை தெரியும்.

அடுத்தது உறுப்பு. மூன்றாவது மடலில் ‘பகுதி’ என்றும் ‘பத்தி’ என்றும் மாற்றி மாற்றி வந்திருந்தது. இங்கே இரண்டு வேறு எண்ணிக்கைகள் இருக்கின்றன. நீளவாக்கில் ஒன்றோடொன்று கோத்த உறுப்புகள் எத்தனை என்பது ஒன்று. ஒரே உறுப்பில் முன்னிருந்து பின்னாக நிற்கும் குழாய்கள் எத்தனை என்பது மற்றது. முதலாவதற்கு கண்ணி. சங்கிலியில் கண்ணி கோப்பதுபோலவே இதிலும் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டாவதற்கு தூண். ‘நான்கு தூண், பத்துக் கண்ணி’ என்று சொன்னால் அளவு கண்முன் நிற்கிறது. அகலம் தூணில், நீளம் கண்ணியில். தூணைக் ‘கால்’ என்று சொல்ல ஒருவர் யோசனை தந்திருந்தார். அது ஒத்துவராது. இரு கோடியிலும் உள்ள கண்ணிகளுக்கு உண்மையிலேயே கால் இருக்கும். நடுவில் உள்ளவற்றுக்கு இருக்காது. நீளமான கணப்பைச் சுருக்கும்போது கால் உள்ள கண்ணியைக் கழற்றிப்போட்டுவிட்டால் அப்புறம் அது நிற்காது. எனவே காற்கண்ணி, இடைக்கண்ணி என்ற பிரிவும் நமக்குத் தேவைப்படும்.

கண்ணிகளை உள்ளிருந்து இணைக்கும் சிறு குழாய்க்கு நிப்பிள் என்பதை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். அதில் இரண்டு வகை. மரை வெட்டியது புரிக்குழல். மரை இல்லாமல் இரு பக்கமும் கூம்பிப் போய், அழுத்திச் செருகியது செருகுகுழல்.

புரிக்குழலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் ஒரு பாதியில் மரை வலப்புறமாகச் சுற்றும், மறுபாதியில் இடப்புறமாகச் சுற்றும். நீண்ட சாவியைக் கோடியில் உள்ள துளை வழியாக விட்டு, தட்டையான முனை குழலின் உள்ளே இருக்கும் முட்டுகளில் சிக்கும்வரை தள்ளி, ஒரு பக்கமாகத் திருப்பினால் இரண்டு கண்ணிகளும் ஒரே நேரத்தில் உள்ளே இழுக்கப்படும். மறுபக்கம் திருப்பினால் இரண்டும் ஒன்றாக விலகும். மேல் குழலைக் கொஞ்சம், கீழ்க் குழலைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் முழுக்கக் கழற்றப் போனால் கண்ணி கோணிக்கொண்டு வாய் உடையும். வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. வளையாது, பட்டென்று விட்டுப்போகும்.

இந்த மரைகளுக்கு ‘இடதுகை மரை, வலதுகை மரை’ என்று எழுதியிருந்தீர்கள். நம்மிடம் வலம்புரி, இடம்புரி இருக்கும்போது கை எதற்கு? சங்குக்குச் சொன்னது மரைக்கு அப்படியே பொருந்துகிறது. இதில் ஒரு பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. புரிக்குழல் வகையில் கோடியில் உள்ள அடைப்பான்களும் பெரும்பாலும் ஒரு முனையில் வலம்புரி, மறுமுனையில் இடம்புரியாகவே இருக்கும். பல ஆண்டுத் துருவில் இறுகிய அடைப்பானை எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுற்றியுள்ள வாயைச் சூடாக்கி, நீளமான ஸ்பானரால் முழு உடம்பு எடையையும் போட்டுத் தள்ளுவார்கள். திசை தவறினால் அத்தனை விசையும் இறுக்குவதற்கே போகும். படத்தில் ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் ‘இடம்புரி’, ‘வலம்புரி’ என்று அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை.

வண்ணத்தைப் பற்றி.

> ‘வெள்ளி வண்ணம்’ பூசினால் வெப்பம் குறையும் என்று கேள்விப்பட்டேன். வெள்ளை பூசலாமா?

பூசலாம், கவலை வேண்டாம். வெப்பத்தைக் குறைப்பது நிறம் அன்று, அதில் கலந்திருக்கும் உலோகத்தூள். 70 டிகிரி செல்சியஸில் இருக்கும் இரும்பு வீசும் கதிரின் உச்சம் ஏறக்குறைய 8.5 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அங்கே வெள்ளை, கறுப்பு, பச்சை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் கதிரை விடுகின்றன. அலுமினியத் தூளோ வெண்கலத் தூளோ கலந்த பூச்சு மட்டும் கதிரை நன்றாக மட்டுப்படுத்தும். அதிலும் மேல்பூச்சு எது என்பதுதான் கணக்கு. அடியில் சில்வர் பெயிண்ட் இருந்தாலும் மேலே சாதாரண வண்ணம் வந்துவிட்டால் குறை தீர்ந்தது. ஆகவே ‘வெள்ளி வண்ணம்’ என்று எழுதாமல் உலோகத்தூள் வண்ணம் என்றே எழுதுவோம். வெள்ளிக்கும் வெள்ளைக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். வாசகர் பாவம்.

இதைவிடக் கவலை தருவது ‘ஈய வண்ணம்’. ஈயம் என்ற சொல் வெள்ளீயத்துக்கும் வழங்குகிறது. பழைய பூச்சில் இருப்பது காரீயம், நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உலர்ந்த வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் தரையிலும் துணியிலும் படியும். காரீய வண்ணம் என்று முழுதாக எழுதி, ‘உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், சோதித்துப் பாருங்கள், மூடிய அறையில் மணல் வீசிச் சுரண்டும் பட்டறைக்குக் கொடுங்கள்’ என்று அந்தப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வண்ணத்துக்கு முன்னால் கசிவுச் சோதனை. இதை நீரழுத்தச் சோதனை என்று சொல்வோம். வெறும் ‘அழுத்தச் சோதனை’ என்று விடக் கூடாது. காற்றை ஏற்றிச் சோதித்தால் அமுங்கிய காற்றில் சேர்ந்திருக்கும் ஆற்றல், விரிசல் விட்ட இரும்பைத் துண்டாக எறிந்துவிடும். நீர் அமுங்காது, விரிசல் இருந்தால் சொட்டும், அவ்வளவுதான். வீட்டு மூடிய வெந்நீர் அமைப்புகள் குளிர்ந்த நிலையில் பொதுவாக 1 முதல் 1.5 பார் அழுத்தத்தில் ஓடும். பாதுகாப்பு வால்வு பெரும்பாலும் 3 பாரில் திறக்கும். அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றி, ஓர் இரவு விட்டுப் பார்க்க வேண்டும். வெளியில் நீரோடு கிடந்து உறைந்த கணப்பில் மயிரிழை விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது.

மேலே சேரும் காற்றைச் சிறு சாவியால் திறந்துவிடுவதற்கு ஒருவர் ஆங்கிலத்தின் ‘பிளீட்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘இரத்தம் வடித்தல்’ என்று எழுதியிருந்தார். காற்றுத்தான் போகிறது, அதனால் காற்று நீக்கம், அந்த உறுப்பு காற்றுப்போக்கி. உள்ளே படியும் கறுப்புச் சேற்றுக்குக் கசடு என்பதே போதும். பொருத்துவதற்கு முன் இரு பக்கமும் குழாய் வைத்து, நீர் தெளியும்வரை அலச வேண்டும். வால்வு வால்வாகவே இருக்கட்டும். குழாய்வேலை செய்கிறவர் யாரும் ‘ஓரதர்’ என்று கேட்டு வாங்கப் போவதில்லை.

இன்னும் இரண்டு சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று, கணப்பின் ஒரு கோடியில் தொப்பி போட்டு மூடியிருக்கும் வால்வு. பொருத்துபவர் ஒருமுறை அளந்து வைத்துவிட்டுப் போவது அது. அருகில் உள்ள கணப்பே எல்லா வெந்நீரையும் இழுத்துக்கொள்ளாமல் தொலைவில் உள்ளதற்கும் போய்ச் சேர வைப்பது அதன் வேலை. ‘சமன் வால்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்றது, செருகுகுழல் வகையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி, கண்ணிகள் பிரியாமல் இறுக்கிப் பிடிக்கும் நீண்ட கம்பி. அதற்கு ‘இழுகம்பி’ என்றும் ‘பிணைகம்பி’ என்றும் இரண்டு தோன்றுகின்றன. எனக்குப் பிணைகம்பி பக்கம்தான் மனம் சாய்கிறது. கட்டுமான வேலையில் இருக்கும் நண்பர்கள் அங்கே வேறு எதற்காவது அந்தச் சொல் வழங்குகிறதா என்று சொன்னால், படங்களுக்குப் பெயர் எழுதும் வேலையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்.