கிளியைத் தொலைத்த எட்டு நிமிடங்கள்

மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குப் போய் வந்தவர்களிடம் அனுபவம் கேட்டிருந்தார்கள். என்னுடையதை எழுதுகிறேன். உள்ளே வந்த கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் சூழல்களை மாற்றியிருக்கிறேன். நான் சொதப்பிய விதத்தை மட்டும் மாற்றவில்லை.

எனக்கு நடந்தது எம்.எம்.ஐ. (Multiple Mini Interview), அதாவது பல குட்டி நேர்காணல்கள். நாலு பேர் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்கிற பழைய முறை இல்லை. வரிசையாக அறைகள். கதவில் ஒட்டிய தாளைப் படிக்க இரண்டு நிமிடம், உள்ளே எட்டு நிமிடம். மணி அடித்தால் பேச்சு பாதியில் இருந்தாலும் அடுத்த கதவு. கல்லூரிக்குக் கல்லூரி இந்த நேரம் மாறும். மருத்துவ மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்காக ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளர் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி (OSCE) முறையை ஒட்டி, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் சேர்க்கைக்காக உருவாக்கியது இது. 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அறைக்கு அறை வேறு ஆள் மதிப்பெண் போடுவார். ஒரு அறையில் நாம் விழுந்தது அடுத்த அறைக்காரருக்குத் தெரியாது. இதை மட்டும் முழுசாக நம்பியிருந்தால் அன்று பாதி வியர்வை மிச்சமாகியிருக்கும்.

மூன்று மாதம் தயார் செய்தேன். 'ஏன் மருத்துவம்?' என்பதற்கு மட்டும் நோட்டில் ஒன்றரைப் பக்கம். கண்ணாடி முன்னால் அதை எத்தனை தடவை சொன்னேனோ, நான் நடுவில் திணறினால் தங்கை முடித்து வைப்பாள். அந்தக் கேள்வியை அன்று யாருமே கேட்கவில்லை.

முதல் அறையில், ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் நோயாளி பற்றிய கேள்வி. தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நாலு கோட்பாடுகளையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். எதிரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இப்போது அவர் கட்டில் பக்கத்தில் நிற்கிறீர்கள். என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவீர்கள்?" என்றார். என்னிடம் எதுவும் இல்லை. ஏன் வேண்டாம் என்கிறார், மறுத்தால் என்ன ஆகும் என்று புரிந்திருக்கிறதா, தெளிவாக யோசிக்கும் நிலையில் இருக்கிறாரா, யாராவது வற்புறுத்துகிறார்களா, இதையெல்லாம் அவரிடமே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அடுத்த கதவில் இப்படி இருந்தது: 'தோழி ஊருக்குப் போகும்போது தன் கிளியை உங்களிடம் விட்டுச் சென்றாள். மூன்று நாட்களுக்கு முன் அது பறந்துவிட்டது. அவள் உள்ளே இருக்கிறாள்.'

உள்ளே, தோழியாக நடிக்க ஒரு நடிகை. சிரித்துக்கொண்டே, "எங்கடி என் செல்லம்?" என்றார். கூண்டின் கொக்கி, திறந்திருந்த ஜன்னல், தெருத் தெருவாகத் தேடியது என்று அடுக்கிக்கொண்டே போனேன். நாலு நிமிடம் நான் மட்டும்தான் பேசினேன். அவர் முகம் மாறியது தெரிந்தது. நிறுத்தினால் அவர் பேச ஆரம்பித்துவிடுவார் என்ற பயத்தில் நிறுத்தவில்லை. கடைசியில் அவரே குறுக்கிட்டார்: "மூணு நாளா ஏன் சொல்லலை?"

தாளிலேயே இருந்த மூன்று நாள்! நான் அதைச் சும்மா ஒரு விவரம் என்று தாண்டியிருந்தேன். கேள்வியே அதுதான். மருந்து மாறிப் போய்விட்டால் மருத்துவர் நோயாளியிடம் போய்ச் சொல்லியாக வேண்டும், அதற்கான ஒத்திகைதான் கிளி வேஷத்தில் வந்திருந்தது. "பயமா இருந்தது" என்றேன். நோட்டில் இல்லாத பதில். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மணி அடித்தது.

அதற்கடுத்த அறையில் ஒரு நாற்காலி, ஒரு குவளை தண்ணீர், ஆள் இல்லை. கதவில் 'ஓய்வு' என்று போட்டிருந்தது. நான் நம்பவில்லை. எங்கேயோ கேமரா இருக்கும் என்று முதுகை நிமிர்த்தி, சமூக அக்கறை பொங்கும் முகத்தோடு எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அது நிஜமாகவே ஓய்வு அறைதான். தண்ணீரையாவது குடித்திருக்கலாம்.

காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள், கடைசி வாரத்தில் இடம் கிடைத்தது. எந்த அறை காப்பாற்றியது என்று இன்றுவரை தெரியாது.

*

மேலே எழுதியவருக்கு அறை அறையாக, எனக்குப் பழைய முறைதான், மூன்று பேர் கொண்ட குழு. நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அவர்கள் கையில். முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் உதவி செய்ததாக எழுதியிருந்தேன். எல்லோரும் என்னை எப்படிக் கொண்டாடினார்கள் என்று சொல்லத் தயாராகப் போனால், "அங்கே உங்களைப் பிடிக்காதவர் யார்?" என்று கேட்டார்கள். ஒரு தாத்தா நான் ஊட்டினால் வாயைத் திறக்கவே மாட்டார். அதைச் சொன்னேன். "ஏன் என்று கேட்டீர்களா?" கேட்கவில்லை. வேறு ஆளை மாற்றிக்கொண்டேன். அதையும் சொன்னேன். மீதி இருபது நிமிடமும் அந்தத் தாத்தாவைப் பற்றியே ஓடியது. விண்ணப்பத்தில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு நிஜ ஆள் இருக்கட்டும், அப்புறம் சமாளித்துக்கொள்ளலாம்.

*

மேலே எழுதிய இருவரும் பதில் சொன்னவர்கள், நான் மேசைக்கு மறுபக்கம். நோயாளியாகவும் தோழியாகவும் நடிக்கிற வேலை. 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் மாணவர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிவைத்த முறை, பிறகு சேர்க்கை அறைக்கும் வந்துவிட்டது. எங்களுக்குக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. முதல் ஆளுக்கு எந்த அளவு அழுகிறோமோ, பதினைந்தாவது ஆளுக்கும் அதே அளவு அழ வேண்டும். கேட்டால் மட்டும்தான் சொல்ல வேண்டிய தகவல்கள் சில இருக்கும். பலர் கேட்பதே இல்லை.

பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர்களைச் சட்டென்று தெரிந்துவிடும். என் கண் கலங்கிய பத்தாவது நொடியில் டிஷ்யூ பெட்டி என் பக்கம் நகரும், கூடவே 'உங்கள் நிலை எனக்குப் புரிகிறது'. இன்னும் நான் எதுவுமே சொல்லியிருக்க மாட்டேன், என்ன புரிந்ததோ! ஒரு பையன் மட்டும் பெட்டியை மறந்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு, "கொஞ்சம் இருங்க, அவசரமில்லை" என்றான். மதிப்பெண் என் கையில் இல்லை, மூலையில் உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் போடுவது. அவனுக்கு என்ன போட்டாரோ. எனக்கு மட்டும் அன்று மூக்கை நிஜமாகவே துடைக்க வேண்டியிருந்தது, அதற்குள் வெளியே அடுத்த ஆள் தாளைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.